கிஃபின் எல்எஸ்யூவுக்குப் போனது சரியா? கல்லூரி ஃபுட்பாலில் நல்ல கோச் வேலை எது?

கேள்வி இது: 2025 சீசனில் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணி 11 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கோடு, தன் வரலாற்றிலேயே முதல் முறையாகத் தேசியப் பட்டத்துக்கான பிளே-ஆஃப் வாசலில் நின்றது. அந்த நேரத்தில் தலைமைக் கோச் லேன் கிஃபின் அதை விட்டுவிட்டு எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ஏன் போனார்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) ஒரு கோச் வேலை இன்னொன்றைவிட மேல் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், அவர் போனதற்கான காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காரணம் பத்து வருடத்துக்கு முன்பு இருந்த அளவு இப்போது வலுவாக இல்லை. இதை விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஒரு வேலை எவ்வளவு நல்லது என்று பேசும்போது பெரும்பாலானவர்கள் அங்கே ஜெயித்த பெரிய கோச்சை வைத்து அளக்கிறார்கள். அலபாமா என்றால் நிக் சேபன், புளோரிடா என்றால் ஸ்டீவ் ஸ்பரியர். அது தவறான அளவுகோல். சேபன் போன்ற ஒருவர் எங்கே போனாலும் ஜெயித்திருப்பார். அவர் வெற்றியில் அவருடைய பங்கு எது, இடத்தின் பங்கு எது என்று பிரிக்க முடியாது. நான் பார்ப்பது வேறு: அந்த இடத்தில் எத்தனை வெவ்வேறு கோச்சுகள் ஜெயித்தார்கள்? நடுத்தரமான கோச் ஒருவர் வந்தபோது அணி எவ்வளவு கீழே இறங்கியது? ஆற்றுப் பாசன நிலத்தில் சுமாரான விவசாயிகூட ஏதோ ஒரு மகசூல் எடுத்துவிடுவார். மானாவாரி நிலத்தில் கெட்டிக்காரருக்கே மழை வேண்டும். நிலத்தின் தரம் சுமாரான விவசாயியின் கையில்தான் தெரியும்.

இந்த அளவுகோலில் ஓஹையோ ஸ்டேட்டுக்குப் பக்கத்தில் யாரும் வருவதில்லை. 2002-ல் ஜிம் ட்ரெஸல், 2014-ல் அர்பன் மையர், 2024 சீசனில் ரயன் டே என்று மூன்று பேர் தேசிய சாம்பியன் பட்டம் வென்றார்கள். மூவரும் குணத்திலும் ஆட்ட முறையிலும் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். பட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 1967-லிருந்து இன்றுவரை வெற்றியைவிடத் தோல்வி அதிகமான சீசன் அங்கே இரண்டுதான்: 1988, 2011. ஆறு பத்தாண்டுகளில் இரண்டு! மாநிலம் பெரியது, அங்கே பள்ளி ஃபுட்பால் வலுவானது, தேசிய அளவில் பட்டத்துக்குத் தொடர்ந்து போட்டி போடும் வேறு கல்லூரி அந்த மாநிலத்தில் இல்லை. யார் வந்தாலும் தரை உயரத்தில் இருக்கிறது.

புளோரிடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் அதே அளவுக்குப் பெரியது. 1996-ல் ஸ்பரியர், 2006-லும் 2008-லும் மையர். மூன்று பட்டங்கள், ஆனால் ஜெயித்தவர்கள் இரண்டே பேர். 2010-ல் மையர் போன பிறகு வில் மஸ்சாம்ப், ஜிம் மெக்எல்வெய்ன், டான் மல்லன், பில்லி நேப்பியர் என்று நான்கு பேரை வரிசையாக நீக்கியாகிவிட்டது. இவர்களில் மல்லன் நல்ல கோச் என்பதில் சந்தேகமே இல்லை. மாநிலம் முழுக்கத் திறமையான வீரர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அதே மாநிலத்தில் புளோரிடா ஸ்டேட்டும் மயாமியும் அதே பையன்களின் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன. பக்கத்திலிருந்து ஜார்ஜியாவும் அலபாமாவும் வந்து அள்ளிக்கொண்டு போகின்றன. ஸ்பரியர் வருவதற்கு முன்பு புளோரிடாவிடம் அதிகாரபூர்வமான ஓர் எஸ்இசி (தெற்கு மாநிலப் பெரிய கல்லூரிகள் ஆடும் கான்ஃபரன்ஸ், அதாவது லீக்) பட்டம்கூட இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது நல்ல வேலை. ஆனால் முதல் ஐந்துக்குள் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

எல்எஸ்யூவுக்கு வருவோம். 2003-ல் சேபன், 2007-ல் லெஸ் மைல்ஸ், 2019-ல் எட் ஆர்ஜெரான். அடுத்தடுத்து வந்த மூன்று கோச்சுகளும் பட்டம் வென்றார்கள். இதில் ஆர்ஜெரானின் கதைதான் சாட்சி. அவர் 2005 முதல் 2007 வரை ஓல் மிஸ்ஸில் கோச்சாக இருந்தார். மூன்று சீசனிலும் தோல்விகளே அதிகம். கடைசி ஆண்டில் எஸ்இசி-க்குள் ஒரு வெற்றிகூட இல்லை. அதே மனிதர் எல்எஸ்யூவில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஜோ பரோவை வைத்துக்கொண்டு 15-0 (15 வெற்றி, தோல்வியே இல்லை) என்று முடித்தார். இரண்டு வேலைகளுக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. லூசியானாவில் பெரிய கான்ஃபரன்ஸில் ஆடும் கல்லூரி எல்எஸ்யூ ஒன்றுதான். மக்கள்தொகைக்கு ஒப்பிட்டால் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகுக்கு மிக அதிகமாக ஆட்களை அனுப்பும் மாநிலங்களில் அதுவும் ஒன்று. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த பையன் சின்ன வயதிலிருந்தே ஊதா-தங்க நிற ஜெர்சியோடு வளர்கிறான். மிசிசிப்பியிலோ முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள். அதையும் ஓல் மிஸ்ஸும் மிசிசிப்பி ஸ்டேட்டும் பங்குபோட வேண்டும். எல்எஸ்யூவின் டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். ஓல் மிஸ்ஸின் மைதானத்தில் சுமார் 64,000. ஓல் மிஸ் கடைசியாக எஸ்இசி பட்டம் வென்றது 1963-ல். கிஃபின் அங்கே ஆறு சீசனில் செய்தது அபாரமான வேலை, ஆனால் ஒவ்வொரு வருடமும் மேட்டில் வண்டி தள்ளுவதுதான் அங்கே நிலை என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

ஆனால் எல்எஸ்யூவின் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. 1989 முதல் 1999 வரையிலான 11 சீசன்களில் 8-ல் எல்எஸ்யூவுக்குத் தோல்விகளே அதிகம். மாநிலம் அதேதான், மைதானம் அதேதான், பையன்களும் அதே ஊர்க்காரர்கள்தான். அப்படியென்றால் என்ன மாறியது? 1999 கடைசியில் பல்கலைக்கழக நிர்வாகம் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து சேபனைக் கொண்டுவர முடிவு செய்து, அதற்கான பணத்தையும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்தது. அலபாமாவும் அப்படித்தான். 1982-ல் பேர் பிரையன்ட் ஓய்வு பெற்றதிலிருந்து 2007-ல் சேபன் வரும்வரை அவர்களுக்குக் கிடைத்தது 1992-ல் ஜீன் ஸ்டாலிங்ஸ் வென்ற ஒரே பட்டம். ஜார்ஜியா 1980-க்குப் பிறகு 2021 வரை காத்திருந்தது. நிலம் மட்டும் போதாது. மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே திசையில் இழுக்க வேண்டும்.

இதுதான் இரண்டாவது கேள்வி, வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி: அந்த வேலையில் முதலாளி யார்? காகிதத்தில் விளையாட்டு இயக்குநர்தான் கோச்சின் மேலதிகாரி. நடைமுறையில் பல்கலைக்கழகத் தலைவர், நிர்வாகக் குழு, பெரும் நன்கொடை கொடுக்கும் பழைய மாணவர்கள், சில இடங்களில் மாநில ஆளுநர் வரை கை நீளும். 2025 அக்டோபரில் எல்எஸ்யூவில் நடந்ததைப் பாருங்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம்-மிடம் சொந்த மைதானத்தில் 49-25 என்று தோற்ற மறுநாள் பிரையன் கெல்லியை நீக்கினார்கள். அவருக்குத் தர வேண்டியிருந்த பைஅவுட் (ஒப்பந்தம் முடியும் முன் நீக்கினால் தரும் தொகை) சுமார் 5.4 கோடி டாலர். அடுத்த சில நாட்களில், அடுத்த கோச்சை ஸ்காட் வுட்வர்ட் தேர்ந்தெடுக்கப்போவதில்லை என்று ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி வெளிப்படையாகச் சொன்னார். வுட்வர்ட் அங்கே விளையாட்டு இயக்குநர். மறுநாளே அவரும் பதவியை விட்டார். ஒரு கோச்சின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். உங்களை நம்பிக் கூட்டிவருபவர் இரண்டு வருடம் கழித்து அங்கே இருப்பாரா என்று தெரியாத இடம் அது.

பட்டம் வென்ற ஆர்ஜெரானுக்கே இரண்டு வருடத்துக்குள் விடைகொடுத்துவிட்டார்கள். மைல்ஸை 2016-ல் சீசன் நடுவில் அனுப்பினார்கள். ஆக, எல்எஸ்யூ ஜெயிக்க மிகச் சிறந்த இடங்களில் ஒன்று; நிலைத்திருக்க மிகக் கடினமான இடங்களில் ஒன்று. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புவதால்தான் கோச் வேலைத் தரவரிசைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன.

ஆபர்ன் இதற்கு இன்னும் கடுமையான உதாரணம். 2010-ல் ஜீன் சிசிக் 14-0 என்று பட்டம் வென்றார், 2012-ல் 3-9, வேலை போயிற்று. பக்கத்திலேயே அலபாமா இருப்பதால் அங்கே பொறுமைக்கு இடமில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்புவதற்காக ஏற்றுக்கொண்ட பைஅவுட் சுமார் 7.6 கோடி டாலர். அந்தக் கல்லூரியின் கடைசி தேசியப் பட்டம் 1939-ல். பணம் அங்கே எப்போதும் குறைவாக இருந்ததில்லை.

நெப்ராஸ்காவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வேலையின் தரம் நிரந்தரம் இல்லை என்பதை அதுதான் காட்டுகிறது. டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 சீசன் கோச்சாக இருந்தார். ஒரு சீசனில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே போகவில்லை. 1994, 1995, 1997 என்று மூன்று பட்டங்கள். அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச் 2003-ல் 9-3 என்று முடித்தபோது, இது போதாது என்று நீக்கினார்கள். அந்த முடிவை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. சுமார் இருபது லட்சம் பேர் மட்டுமே உள்ள மாநிலம். நல்ல வீரர்களை டெக்சஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும்தான் கொண்டுவர வேண்டும். ஒரு காலத்தில் பெரிய அணிகள் மட்டும்தான் அடிக்கடி டிவியில் வரும். எடைப் பயிற்சிக் கூடம் நெப்ராஸ்காவில் இருந்த அளவுக்கு வேறு எங்கும் கிடையாது. ஓர் அணி எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப் தரலாம் என்ற வரம்பும் தளர்வாக இருந்தது. 1990-களில் வரம்பு 85 ஆகச் சுருங்கியது. எல்லா ஆட்டமும் டிவிக்கு வந்தது. எல்லோரும் பயிற்சிக் கூடம் கட்டினார்கள். 2011-ல் வடக்கத்தியக் கான்ஃபரன்ஸான பிக் டென்னுக்கு மாறியதோடு டெக்சஸ் பையன்களோடு இருந்த தொடர்பும் தேய்ந்தது. இத்தனைக்கும் நடுவில் ரசிகர்கள் 1962-லிருந்து ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் மைதானத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அன்பு இருக்கிறது, பணம் இருக்கிறது, எதிர்பார்ப்பு 1995-ல் நிற்கிறது. அந்த எதிர்பார்ப்புதான் அந்த வேலையின் மிகப் பெரிய சுமை.

இதற்கு நேர் எதிர் அயோவா. கிர்க் ஃபெரென்ட்ஸ் 1999-ல் சேர்ந்தார். முதல் வருடம் 1-10, இரண்டாம் வருடம் 3-9. இன்றைக்கு எந்தப் பெரிய கல்லூரியிலும் இப்படி ஆரம்பித்தவருக்கு மூன்றாவது வருடம் சந்தேகம்தான். அவர்கள் காத்திருந்தார்கள். 2002-ல் 11 வெற்றி வந்தது. 2025 செப்டம்பரில், பிக் டென் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற கோச் என்ற இடத்துக்கு, ஓஹையோ ஸ்டேட்டின் வுடி ஹேயஸைத் தாண்டி ஃபெரென்ட்ஸ் வந்தார். தேசியப் பட்டம் இல்லை, அநேகமாக வரவும் வராது. ஆனால் குழந்தைகளை ஒரே ஊரில் வளர்த்து, ஒரே வீட்டில் இருந்து, மரியாதையோடு தொழில் செய்ய ஆசைப்படும் ஒரு கோச்சுக்கு அயோவா எல்எஸ்யூவைவிட மேலான வேலை என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சரி, இப்போது என்ன மாறியிருக்கிறது?

2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அதே வருடம் ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு சீசன் உட்கார வேண்டும் என்ற தடையும் போயிற்று. 2025 ஜூனில், வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-க்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். 2024-லிருந்து பிளே-ஆஃபில் 4 அணிக்குப் பதில் 12 அணி. இந்த நான்கும் சேர்ந்து, பிறந்த மண்ணின் அனுகூலத்தை நிறையவே குறைத்துவிட்டன. முன்பு 17 வயதுப் பையனைப் பிடித்து மூன்று வருடம் வளர்க்க வேண்டும். இப்போது 21 வயது ஆட்டக்காரரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) நேரடியாக எடுக்கலாம். ஓல் மிஸ்ஸின் 2025 குவார்ட்டர்பேக் டிரினிடாட் சாம்ப்ளிஸ் இரண்டாம் டிவிஷனில் ஃபெரிஸ் ஸ்டேட் என்ற கல்லூரியிலிருந்து வந்தவர்.

இந்தியானாவைப் பாருங்கள். கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் அதிகத் தோல்வி கண்ட அணி என்ற பெயரைப் பல வருடம் சுமந்த இடம் அது. 2023-ல் 3-9. ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார், கூடவே அங்கிருந்து பல வீரர்களையும் கூட்டிவந்தார். அடுத்த சீசனில் 11-2. அதற்கடுத்த 2025 சீசனில் 16-0, தேசிய சாம்பியன். அந்த சீசன் நடுவில் பென் ஸ்டேட் வேலை காலியானபோது சிக்னெட்டியின் பெயரும் அடிபட்டது. அவர் இந்தியானாவிலேயே புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பத்து வருடத்துக்கு முன்பு யாராவது பென் ஸ்டேட்டுக்காக இந்தியானாவை விட மாட்டார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா? பென் ஸ்டேட்டில் படித்த மேட் ரூல்கூட நெப்ராஸ்காவிலேயே நீட்டிப்பு வாங்கிக்கொண்டார். பிஒய்யூவின் கோச் கலானி சிட்டாக்கேயும் அசையவில்லை. கடைசியில் டிசம்பரில்தான் பென் ஸ்டேட்டுக்கு அயோவா ஸ்டேட்டின் மேட் கேம்ப்பெல் கிடைத்தார்.

பென் ஸ்டேட் அந்த நிலைக்கு வந்த விதமும் கவனிக்க வேண்டியது. ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் 2025 ஜனவரியில் அணியைப் பிளே-ஆஃப் அரையிறுதிவரை கொண்டுபோனவர். செப்டம்பர் கடைசியிலிருந்து அடுத்தடுத்து மூன்று தோல்வி, அக்டோபரில் வேலை காலி. முதல் பத்து இடத்தில் இருந்த அணிகளுக்கு எதிராக அவர் கணக்கு 4-21 என்பது உண்மை. ஆனால் மொத்தக் கணக்கு 104-45. அவரை நீக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் அடுத்து வரப்போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலையின் மதிப்பில் முன்னவரை எப்படி நடத்தினார்கள் என்பதும் சேரும்.

கான்ஃபரன்ஸ் எது என்பது இப்போது அடிப்படைத் தகுதி மாதிரி ஆகிவிட்டது. பிக் டென்னிலும் எஸ்இசி-யிலும் இருந்தால் டிவி பணம் தானாக வரும். 2023-ல் மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12 உடைந்தபோது ஒரேகான் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் எந்தத் தவறும் செய்யாமல் தெருவுக்கு வந்தன. அங்கே கோச்சாக இருந்தவர் ஒரே கோடையில் வேறு ஒரு வேலைக்கு மாற்றப்பட்டது போலத்தான். நோட்ர டாம் மட்டும் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல், 1991-லிருந்து என்பிசி டிவியோடு வைத்திருக்கும் ஒப்பந்தத்தின் பலத்தில் தனியாக நிற்கிறது.

நோட்ர டாம் என்றதும் கெல்லியைச் சொல்லாமல் முடியாது. கிஃபினின் முடிவுக்கு அதுதான் நெருங்கிய முன்மாதிரி. 2021 நவம்பரில் நோட்ர டாம் 11-1 என்று இருந்தபோது, அங்கே பட்டம் வெல்வது கடினம் என்ற கணக்கில்தான் கெல்லி எல்எஸ்யூவுக்குப் போனார் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருட ஒப்பந்தம், சுமார் 9.5 கோடி டாலர். எல்எஸ்யூவில் அவர் கணக்கு 34-14; பிளே-ஆஃபுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. அவர் விட்டுவந்த அணியை மார்கஸ் ஃப்ரீமன் 2024 சீசனில் இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். கிஃபின் போன பிறகு ஓல் மிஸ்ஸும் நொறுங்கிவிடவில்லை. பிளே-ஆஃபிலும் நானே கோச்சாக இருக்கிறேன் என்று கேட்டவரை அனுமதிக்காமல் அவருடைய உதவிக் கோச் பீட் கோல்டிங்கிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். டுலேனையும் ஜார்ஜியாவையும் வென்று அரையிறுதிவரை போனது அணி. அங்கே மயாமியிடம் 31-27 என்று தோற்றது.

என் வரிசையைக் கேட்டால்: ஓஹையோ ஸ்டேட், ஜார்ஜியா, டெக்சஸ் மூன்றும் மேலே. டெக்சஸில் ஆளுக்கு ஆள் கட்டளையிடும் பணக்காரர்கள் அதிகம் என்பதால் அதை மூன்றாவதாக வைக்கிறேன்; சார்லி ஸ்ட்ராங் அங்கே மூன்று சீசனும் தோல்வியில் முடித்தார் என்பது அந்தத் தரை அவ்வளவு உறுதியானது இல்லை என்று காட்டுகிறது. அடுத்து அலபாமாவும் எல்எஸ்யூவும். அதற்குப் பிறகு ஒரேகான்: மாநிலத்தில் வீரர்கள் குறைவு, ஆனால் நைக்கியின் ஃபில் நைட் போன்ற ஒருவர் பின்னால் நிற்பதும், சிப் கெல்லியிலிருந்து டான் லானிங் வரை பல கோச்சுகள் ஜெயித்ததும் அதை மேலே தூக்குகின்றன. நோட்ர டாம், மிச்சிகன், பென் ஸ்டேட், யுஎஸ்சி, புளோரிடா அதற்குக் கீழே, அவற்றுக்குள் யார் முன்னே என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஓல் மிஸ்ஸை 2015-ல் கேட்டிருந்தால் முதல் முப்பதுக்கு வெளியே வைத்திருப்பேன். இன்றைக்குப் பதினைந்துக்குப் பக்கத்தில்.

கிஃபின் முதல் ஐந்தில் இருக்கும் வேலைக்காகப் பதினைந்தாவது வேலையை விட்டார். அந்த இடைவெளி ஆர்ஜெரான் காலத்தில் பள்ளத்தாக்கு. இப்போது ஓர் ஓடை. ஆனால் ஓல் மிஸ்ஸில் 10-2 என்று முடித்தால் தெருவில் கொண்டாடியிருப்பார்கள். எல்எஸ்யூ இருக்கும் பேட்டன் ரூஜில் இரண்டு சீசன் தொடர்ந்து 9-3 வந்தால் போதும், அவருடைய பைஅவுட் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.